மேலடுக்கு

“இன்னும் சிக்கு இருக்கு. கொஞ்சம் பொறுங்க,” என்றாள் நதியா. குளிப்பாட்டிய பிள்ளையை மடியில் கிடத்திக்கொண்டு, ஈரத் தலையை நுனியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சீவிக்கொண்டிருந்தாள். வாசலில் வேன் வந்து நின்று வெகுநேரம் ஆகிவிட்டது. காம்பவுண்டுப் பெண்கள் அழுது ஓய்ந்து, அடுத்து என்ன என்பதுபோல ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வினிதாவுக்கு ஒன்பது வயது. பிறந்ததிலிருந்து படுத்தே கிடந்த பிள்ளைக்குத் தலையின் பின்பக்கம் எப்போதும் சிக்கு விழும். அதை நோகாமல் எடுக்க நதியா ஒருத்திக்குத்தான் தெரியும். இனிமேல் நோவதற்கு என்ன இருக்கிறது என்று அவளிடம் யார் சொல்வது?

பிள்ளையின் அப்பா முனீஸ் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவனுக்கு இருந்த பயம் ஒன்றே ஒன்றுதான். ஆஸ்பத்திரியிலிருந்து பிள்ளையைத் தூக்கி வந்தது முதல் நதியா அவனைப் பார்த்து ‘நீங்கதான் காரணம்’ என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. வாயைத் திறந்தபோதெல்லாம் சீப்பு எங்கே, வேன்காரருக்குத் தண்ணீர் கொடுத்தாச்சா என்றுதான் கேட்டாள். செவிட்டில் ஓங்கி ஒரு அறை விட்டிருந்தால்கூட அவன் கொஞ்சம் மூச்சு விட்டிருப்பான்.

“அந்த ரோஸ் கவுன எடுங்க.”

பீரோவிலிருந்து எடுத்துக் கொடுத்தான். கம்பெனியில் கேட்டு வாங்கி வந்த சாம்பிள் பீஸ் அது. போன வருஷம் மருத்துவ முகாமுக்குப் போட்டுக்கொண்டு போனது. இப்போதும் அளவு சரியாகவே இருந்தது. வளர்ந்தால்தானே துணி சிறுசாகும்.

தென்காசிப் பக்கமிருந்து திருப்பூருக்கு வந்த நாள் முதல் முனீஸுக்குப் பேக்கிங்தான் வேலை. அதில் அவனை அடிக்க ஆள் கிடையாது என்று கம்பெனியில் பெயர். பெட்டிக்குள் அடியில் எது வேண்டுமானாலும் இருந்துவிட்டுப் போகட்டும். சரக்கு வாங்குகிற வெளிநாட்டு பையர் அனுப்பிய ஆள் வந்து பெட்டியைத் திறந்ததும் கண்ணில் படுகிற மேலடுக்கு பளிச்சென்று இருக்க வேண்டும். பிசிறு இல்லாத, கறை இல்லாத, தையல் கோணாத பீஸாகப் பொறுக்கி மேலே அடுக்குவான். வந்தவன் இரண்டை எடுத்துப் புரட்டிப் பார்த்துவிட்டுத் தலையாட்டிப் போய்விடுவான். சரக்கு கப்பல் ஏறிவிடும்.

மாற்றுத்திறனாளிகளுக்கான மருத்துவ முகாமுக்குப் பிள்ளையை முதன்முதலாகத் தூக்கிக்கொண்டு போனபோதும் அவன் புத்தி அந்த வழியில்தான் போயிற்று. பெரிய டாக்டர் பார்த்துச் சான்றிதழ் கொடுத்தால் மாதாமாதம் பராமரிப்பு உதவித்தொகை வரும் என்றார்கள். பிள்ளைக்குச் சளியை விழுங்கவும் தெரியாது, துப்பவும் தெரியாது. அதை உறிஞ்சி எடுக்கிற மிஷின் ஒன்று வீட்டில் இருந்தால் நல்லது என்று டாக்டர்கள் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டார்கள். நதியா டெய்லர் வேலையை விட்டுவிட்டுக் கட்டிலுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து கம்பெனித் துணிகளுக்குப் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தாள். உதவித்தொகை வந்தால் தவணை போட்டாவது அந்த மிஷினை வாங்கிவிடலாம். அவ்வளவுதான் அவர்கள் ஆசை.

நன்றாக வளர்க்கிறார்கள் என்று தெரிந்தால்தானே அரசாங்கம் கொடுக்கும்? முனீஸ் அப்படித்தான் நினைத்தான். அன்றைக்குப் பிள்ளைக்கு ரோஸ் கவுன், ரெட்டைச் சடை, பவுடர், பொட்டு. போதாததற்குப் பையில் ஒரு டேப் ரோலையும் எடுத்துக்கொண்டான். அட்டைப்பெட்டி ஒட்டுகிற டேப்பைச் சர்ரக்கென்று இழுத்தால் வினிதாவுக்கு எங்கிருந்தோ ஒரு தெம்பு வரும். தொங்குகிற தலையைத் தூக்கி, வாய் கொள்ளாமல் சிரிப்பாள். வேலை முடிந்து வந்ததும் அப்பாவும் மகளும் விளையாடுகிற ஒரே விளையாட்டு அது. டாக்டர் முன்னால் அவன் டேப்பை இழுத்தான். பிள்ளை தலையைத் தூக்கிச் சிரித்தது.

“அட, தலை நிக்குதே! நல்லாக் கவனிக்கிறாளே!” என்றபடி டாக்டர் சான்றிதழில் ஊனச் சதவீதத்தை எழுதினார். முனீஸுக்குப் பெருமை தாங்கவில்லை.

பிறகு சான்றிதழோடு ஆபீசுக்குப் போனபோது அங்கிருந்த அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இந்த சதவீதத்துக்கு பஸ் பாஸ் கிடைக்குமுங்க. மாசாமாசம் வர்ற உதவித்தொகை ரொம்ப முடியாத புள்ளைங்களுக்குத்தானுங்க.”

“இது ரொம்ப முடியாத பிள்ளதான் மேடம்.”

“சர்டிபிகேட்டுல அப்படி இல்லீங்களே.”

உட்கார முடியாத பிள்ளைக்கு பஸ் பாஸ். வீட்டுக்கு வந்து அதைச் சொன்னபோது நதியா சிரித்தாள். அப்படி ஒரு சிரிப்பை அவன் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

நடையாய் நடந்து மறுமதிப்பீட்டுக்கு மனு போட்டு, ஒரு வருஷம் காத்திருந்து, போன வாரம்தான் தேதி வந்தது. முகாமுக்கு முந்தின நாளே முனீஸ் சொல்லிவிட்டான். “இந்தத் தடவ தல சீவாத. பவுடரும் வேண்டாம். பழைய துணியே கெடக்கட்டும்.”

“எம்பிள்ளய நாறப் போட்டாத்தான் தருவாங்களோ?”

“உள்ளத உள்ளபடி பாக்கட்டும்னு சொல்லுதேன் ஏட்டி.”

விடிந்தபோது பிள்ளைக்கு உடம்பு அனலாகக் கொதித்தது. நெஞ்சுக்குள் சளி கரகரத்தது. “மூச்சு இழுக்குதுங்க. மொதல்ல ஆஸ்பத்திரிக்குப் போயிருவோம்,” என்றாள் நதியா.

“அங்கயும் டாக்டர்தான இருக்காரு? மத்தியானத்துக்குள்ள முடிஞ்சிரும். இத விட்டா இன்னும் ஒரு வருஷம் நாயா அலையணும்.”

அவன் மனசுக்குள் இன்னொன்றும் ஓடியது. இந்தக் கோலத்தில் பார்த்தால் டாக்டர் மறுக்கவே மாட்டார். அதை அவன் வாய்விட்டுச் சொல்லவில்லை. நதியா அவன் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு பையை எடுத்துக்கொண்டாள்.

வரிசை நகரவே இல்லை. ஷாமியானாவுக்கு அடியில் வெக்கை. பிள்ளை அவன் தோளில் துணியாகக் கிடந்தது. அவர்கள் முறை வந்தபோது, பிள்ளையின் நெஞ்சில் கையை வைத்த டாக்டர் துள்ளி எழுந்தார். “யாருய்யா இந்தப் பிள்ளையக் கொண்டுவந்து வரிசையில நிறுத்தினது? தூக்கிட்டு ஓடுங்க, ஓடுங்க!”

அவன் ஓடினான். பின்னாலேயே வாசல் வரைக்கும் வந்த நர்ஸ், “சதவீதமெல்லாம் டாக்டர் கூட்டிப் போட்டுட்டாருங்க, பேப்பர அப்புறமா வந்து வாங்கிக்குங்க!” என்று கத்தினாள். பாவம், நல்ல மனசோடுதான் சொன்னாள். ஓடிக்கொண்டே முனீஸுக்கு ஒரு நொடி நிம்மதியாக இருந்தது. கிடைத்துவிட்டது என்று நினைத்தான். பிள்ளை மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்த நேரத்தில் அப்படி ஒரு நிம்மதி அவனுக்கு வந்தது. பொழுது சாய்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

“இப்ப தூக்குங்க,” என்றாள் நதியா, சீப்பைக் கீழே வைத்துவிட்டு. ரெட்டைச் சடை, பவுடர், பொட்டு. எதையும் அவள் விடவில்லை. “மகாலட்சுமியாட்டம் இருக்கறா,” என்று யாரோ ஒருத்தி சொல்லி விம்மினாள். முனீஸ் குனிந்து இரண்டு கையாலும் பிள்ளையை வாங்கிக்கொண்டான். சின்னப் பிள்ளைக்குப் பாடையும் இல்லை, கொட்டும் இல்லை. இடுகாட்டில் அவனே குழிக்குள் இறங்கி வாங்கிக் கிடத்தினான். வழக்கம்போலத் தலை ஒரு பக்கமாகச் சரிந்தது. நேராக வைத்தான். மறுபடியும் சரிந்தது. மேலேயிருந்து யாரோ, “விடு மாப்ள, ஏறி வா,” என்றார்கள்.

மறுநாள் பால் தெளித்துவிட்டு வந்து உட்கார்ந்திருந்தபோது வீட்டுச் சொந்தக்காரம்மா தெய்வாத்தாள் ஒரு தூக்குச்சட்டியில் சோறு கொண்டுவந்தார். கட்டில் மேல் கிடந்த தண்ணீர் மெத்தையையும் பிரிக்காத டயப்பர் கட்டையும் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“தப்பா நெனைக்காத கண்ணு. அடுத்த சந்துல நல்லான் பேத்திக்கும் இதே சீக்குத்தான். இதெல்லாம் அந்தப் புள்ளைக்கு ஆவும். கண்ணு முன்னால கெடந்தா உங்களுக்கும் மனசு ஆறாது. குடுத்துப்போடலாமா?”

நதியா சரி என்று தலையை அசைத்தாள். தெய்வாத்தாள் போனதும் முனீஸ் கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு அட்டைப்பெட்டியை இழுத்தான். மெத்தையிலிருந்த தண்ணீரை வடித்து மடித்தான். காலுக்கு மாட்டுகிற பட்டைகள், துவைத்து வைத்திருந்த துண்டுகள், டயப்பர் என்று ஒவ்வொன்றாக வைத்தான். பாதியில்தான் கவனித்தான். கறை படிந்த துண்டுகளை அடியில் போட்டு, வெள்ளையாக இருந்தவற்றைக் கை தானாகவே மேலே அடுக்கியிருந்தது. அப்படியே கையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

நதியா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். மிச்சத்தை அவளே உள்ளே வைத்து மூடினாள்.

“இத கொண்டுபோயி குடுக்கையில அவங்ககிட்ட ஒண்ணு சொல்லிருங்க,” என்றாள்.

“என்ன?”

“பிள்ளைக்குக் காய்ச்சல்னா முகாமுக்குத் தூக்கிட்டுப் போவேண்டாம்னு.”

அவள் குரலில் கோபமே இல்லை. இத்தனை நேரமும் எந்த வார்த்தைக்காகப் பயந்துகொண்டிருந்தானோ அது இதுதான் என்று முனீஸுக்குப் புரிந்தது. “சொல்லுதேன்,” என்றான். 

பெட்டியை ஒட்ட வேண்டும். டேப் ரோலைக் கையில் எடுத்து நுனியை நகத்தால் நெருடிக்கொண்டே இருந்தான். நுனி எப்போதோ அகப்பட்டுவிட்டது. இழுக்கத்தான் கை வரவில்லை. நதியா ரோலை அவன் கையிலிருந்து வாங்கினாள். பெட்டியின் ஒரு ஓரத்தில் ஒட்டி, சர்ரக்கென்று இழுத்தாள்.

இருவர் தலையும் ஒரே நேரத்தில் கட்டில் பக்கம் திரும்பின.

கட்டிலில் பிளாஸ்டிக் நாடா மட்டும் நடுவில் தொய்ந்து கிடந்தது. நதியா டேப்பைப் பல்லால் கடித்து அறுத்தாள். உள்ளங்கையால் அழுத்தி, ஒட்டிய இடத்தையே மறுபடியும் மறுபடியும் தடவிக்கொண்டிருந்தாள்.