தெற்குக் கூரை

அன்று மாயெஸ்தாஸ் வீட்டுச் சமையலறையில் இருந்தவர்கள் ஐந்து பேர். வீட்டுக்காரர் லியோகாடியோ, அவர் மகள் ஒஃபேலியா, மருமகன் ரஸ்ஸல், சோலார் பேனல் விற்க வந்த ட்ரெவர், காபி வாசனை பிடித்துப் பக்கத்துப் பண்ணையிலிருந்து வந்து உட்கார்ந்துவிட்ட, லியோகாடியோவின் சிற்றப்பா மகன் பெலார்மினோ. வேறு யாரும் இல்லை. பிற்பாடு, ஊர் இருக்கும் சான் லூயி பள்ளத்தாக்கில் பாதிப் பேர் அந்த மேஜையில் கை ஊன்றி இருந்தவர்களைப் போலப் பேசினார்கள் என்பதால் இதை முதலில் சொல்ல வேண்டியிருக்கிறது.

"செலவுல கிட்டத்தட்ட மூணுல ஒரு பங்கு வரிச் சலுகையா திரும்பி வந்துரும் சார். அரசாங்கமே தருது" என்றான் ட்ரெவர்.

"எங்க தாத்தாவோட மலை மேய்ச்சல் நிலம் கைவிட்டுப் போனப்பவும் இப்படித்தான் பல்லு வரிசையா ஒருத்தன் வந்தான். அவனும் சார்னுதான் கூப்பிட்டான்" என்றார் லியோகாடியோ.

பெலார்மினோ சோம்பு பிஸ்கட்டைக் காபியில் நனைத்தபடி சிரித்தார். ஒஃபேலியா சிரிக்கவில்லை. பனிக்காலத்து மின்கட்டணம் அவளைத் தூங்கவிடாமல் செய்துகொண்டிருந்தது.

பேனல் வைக்க ஏற்ற இடம் வீட்டை ஒட்டிய கொட்டகையின் தெற்குக் கூரை. அந்தத் தகரத்தில்தான் பிறையும் சாவியும் வெள்ளை வண்ணத்தில் வரையப்பட்டிருந்தன. மாயெஸ்தாஸ் மாடுகளின் சூட்டுக்குறி அது. நெடுஞ்சாலையில் போகிறவன் அதைப் பார்த்துத்தான் யார் நிலத்தைத் தாண்டுகிறோம் என்று தெரிந்துகொள்வான். லியோகாடியோ ஒவ்வொரு கோடையிலும் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு ஏறி, தன் கையாலேயே அதற்கு வண்ணம் பூசுவார்.

அப்போதுதான் ரஸ்ஸல் வாயைத் திறந்தான். டென்வரிலிருந்து வந்தவன், பள்ளிக்கூடப் பேருந்துகளைப் பழுதுபார்க்கும் வேலை. கல்யாணமாகி நான்கு வருடமாக இந்த வீட்டில்தான் இருக்கிறான். "பில்லை என் பேர்ல போட்டுக்கலாம் மாமா. நானே கட்டிடறேன். எனக்குத்தான் சம்பளத்துல வரி பிடிக்கிறாங்க, அதுல கழிச்சுக்கலாம். உங்க பேர்ல வேண்டாம்."

உங்க பேர்ல வேண்டாம். லியோகாடியோவின் காதில் அது மட்டும்தான் விழுந்தது. கூரை அவருடையது, குறி அவருடையது. மேலே உட்காரப்போவது மட்டும் மருமகன் பெயரிலா? இன்று கூரை, நாளைக்குச் சுவர். பேச்சு முடிந்து அவர்கள் வெளியே போனபின் சன்னல் வழியாகப் பார்த்தபோது, ரஸ்ஸலும் ட்ரெவரும் வண்டியருகே தலையோடு தலை வைத்துக் கூரையைக் காட்டிக் காட்டிப் பேசிக்கொண்டிருந்தார்கள். கமிஷனாக இருக்கும். வேறு என்ன இருக்க முடியும்?

"இந்த வீட்டுக் கூரையில வேற ஒருத்தர் பேர் ஏறாது" என்றார் மகளிடம்.

"வேற ஒருத்தரா? என் புருஷன்பா."

"அதைத்தான் சொல்றேன்."

காளைக்கன்றுகளை விற்று, முழுத் தொகையையும் தானே கட்டி, தன் பெயரைப் பெரிய எழுத்தில் கையெழுத்தாகப் போட்டார். ரஸ்ஸல் ஒருமுறை, "மாமா, கொஞ்சம் யோசிங்க" என்றான். அவ்வளவு அக்கறையாகச் சொன்னதே அவருடைய சந்தேகத்தை உறுதியாக்கியது.

பேனல்களை மாட்டி முடித்த அன்று சாலைவரை நடந்துபோய்த் திரும்பிப் பார்த்தார். கறுப்புப் பலகைகள் இரண்டு கூட்டமாகப் பிரிந்து நின்றன. நடுவில் பிறையும் சாவியும் மறையாமல் அப்படியே இருந்தன. அவர் அப்படிக் கேட்டதில்லை. மானம் போகும் என்று வாயே திறக்கவில்லை. யார் சொல்லி இடம் விட்டார்கள் என்று இப்போதும் விசாரிக்கவில்லை. விசாரித்தால் பதில் வரும்.

அடுத்த மார்ச்சில் வரிக்கணக்கு பார்க்கும் நெஸ்தோராவிடம் போனார். ரஸ்ஸல்தான் வண்டி ஓட்டினான். அவள் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "பண்ணைச் செலவு போக உங்களுக்குத்தான் வரியே வர்றதில்லையே, பெரியவரே" என்றாள். "கட்டற வரியிலதான் கழிப்பாங்க. கையில காசா தர மாட்டாங்க."

"அடுத்த வருஷம்?"

"அடுத்த வருஷத்துக்குத் தள்ளலாம். அப்பவும் வரி இருந்தாத்தானே கழிக்கிறதுக்கு? மருமகன் பேர்ல போட்டிருந்தா..." அவள் ரஸ்ஸலைப் பார்த்தாள். அவன் சுவரில் இருந்த நாட்காட்டியைப் பார்த்தான்.

திரும்பும் வழி முழுவதும் 'நான் அப்பவே சொன்னேனே' என்ற சொல்லுக்காக லியோகாடியோ முதுகை விறைத்துக்கொண்டு காத்திருந்தார். அது வரவில்லை. ஜெயித்தவன் ஏன் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறான்? இவனுக்கு என்னதான் வேண்டும்? வீடு வந்து சேரும்வரை அவருக்கு விடை கிடைக்கவில்லை. ரஸ்ஸல் இறங்கிவந்து கதவைத் திறந்துவிட்டான். அவர் ஓட்டுநர் பக்கத்துக் கதவை நோக்கி நகரப் பார்த்து, முடியாமல், அவன் திறந்த பக்கமே இறங்கினார்.

ஏப்ரலில் ஊர் கூடி வாய்க்கால் தூர்வாரும் நாள் வந்தது. தண்ணீர் பாயும் நிலம் உள்ள ஒவ்வொரு வீடும் மண்வெட்டியோடு ஓர் ஆளை அனுப்பியாக வேண்டும். அனுப்பாத வீட்டுக்கு மதகு திறக்காது. வாய்க்கால் மணியக்காரர் லியோகாடியோதான். கோலால் அளந்து ஆளுக்கு ஒரு பங்கு கோடு கிழித்துக்கொண்டே கரையில் நடந்தார். மாயெஸ்தாஸ் பங்கில் ரஸ்ஸல் குனிந்து சேறு வாரிக்கொண்டிருந்தான். தூரத்தில் தெற்குக் கூரை வெயிலில் மின்னியது.

பெலார்மினோ மண்வெட்டியில் சாய்ந்து நின்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்: "என்னண்ணே, கூரைக்குப் பணம் கட்டினது நீங்க, அரசாங்கச் சலுகையைத் தின்னது டென்வர்காரராமே? ஊரே பேசுது."

மண்வெட்டிகள் ஒவ்வொன்றாக நின்றன. ரஸ்ஸலுடையது மட்டும் நிற்கவில்லை.

லியோகாடியோ கோலை ஈரமண்ணில் ஊன்றினார்.

"ஊர் பேசலை, நீதான் பேசறே. அந்த மேஜையில நீயும்தான் இருந்தே. என் மருமகன் ஒரு காசு தின்னலை. தன் பேர்ல போடச் சொன்னான். நான் மாட்டேன்னேன். சலுகை யாருக்கும் வரலை. குனிஞ்சு வாரு, உன் பங்கு பாக்கி கிடக்கு."