டெல்பர்ட் பைக்கின் காதில் விழுந்தவை

ஒஹாயோவின் ஹேல்ஸ்பரி ஊரில் ஆர்வில் ஸ்டேன்சக் பேசுவது, அலாஸ்காவில் மீன் ஆலையில் வேலை பார்த்த டெல்பர்ட் பைக்குக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோல் கேட்கும். எல்லாப் பேச்சும் அல்ல, டெல்பர்ட்டின் பெயரை எடுத்துச் சொல்வது மட்டும். அவனோடு நிற்பவர்களுக்கும் கேட்கும். இது பல வருடங்கள் ஆர்விலுக்கே தெரியாது.

கண்ணாடித் தொழிற்சாலையில் உலை பார்த்த ஆர்வில், பள்ளியின் அமெரிக்கக் கால்பந்து அணி ஆடிய ஒரு ஆட்டத்தையும் விட்டதில்லை. பந்தை எறிகிறவனையோ பிடித்துக்கொண்டு ஓடுகிறவனையோ அவர் கவனிப்பதில்லை. எதிரணி எறியும் பந்து அவர்கள் ஆள் கையில் போய்ச் சேராமல் காக்க வேண்டிய நான்கு பின்காவலர்கள்தாம் அவருடைய விஷயம். வெள்ளி இரவு ஆட்டம் முடிந்தால், சனிக்கிழமை காலை முடிதிருத்தும் கடையில் அவர் தீர்ப்பு. பாதி சவரத்தில் நுரையோடு தலையைத் திருப்பிக் கேட்பார்கள். டெல்பர்ட் ஆடிய வருடத்தில் அவர் சொன்னது ஊருக்கே மனப்பாடம்: “வலது ஓரத்து வாஸுக்குக் கை நீளம், பொறுமை கட்டை. நடுவுல நிக்கிற மைலோ டோம்கோ, கல்யாணம் முடிஞ்சு நாற்காலிய மடிக்கிறப்ப வந்து சேர்ற ஆளு. இடது ஓரத்து டெல்பர்ட் நல்லாத்தான் ஓடுறான். ஆனா பந்து வர்றப்ப திரும்பிப் பாக்கவே மாட்டேங்கிறான். முதுகுல கண்ணு இருக்குன்னு நெனப்பு.”

அந்த வருடம் தொழிற்சாலை ஆட்களைக் கழித்துக்கொண்டிருந்தது. ஊருக்கு எதிர்பார்க்க வேறொன்றும் இல்லாததால் மாநில அரையிறுதிக்கு எல்லோரும் கிளம்பிப் போனார்கள். கடைசி நிமிடத்தில் பந்து டெல்பர்ட்டின் தலைக்கு மேலாகப் போய், அவன் துரத்தி ஓடியவனின் கையில் விழுந்தது. டெல்பர்ட் திரும்பிப் பார்க்கவில்லை. அடுத்த வசந்தத்தில் அவன் ஊரைவிட்டுப் போனான். ஆர்வில் மட்டும் அந்தப் பந்தை விடவில்லை. யார் அணியில் வந்தாலும் டெல்பர்ட்டில் தொடங்கி டெல்பர்ட்டில் முடித்தார். அலாஸ்காவில் பாதிரியாருக்கு முன்னால் டெல்பர்ட் மோதிரம் மாற்ற நின்றபோது, “டெல்பர்ட்டுக்குக் கண்ணு எப்பவும் தப்பான எடத்துலதான்” என்று ஒரு குரல் தேவாலயத்தில் எழுந்தது. மணப்பெண் லோர்னா திகைத்து, “யாரு அது?” என்றாள். “எங்க ஊர்க்காரர்” என்றான் அவன். பாதிரியார் தொண்டையைச் செருமிக்கொண்டு தொடர்ந்தார். அவர்கள் மகள் முதலில் பேசிய வார்த்தை ‘திரும்பு’.

டெல்பர்ட்டின் தாய் இர்மா, நவம்பரில் குடும்பம் கூடிச் சாப்பிடும் ஒவ்வொரு நன்றிநாளுக்கும் அவனை ஊருக்குக் கூப்பிட்டாள். “இங்க கேக்கறது போதாதாம்மா? அங்க வந்து நேர்லயும் கேக்கணுமா?” என்பான். அவளுக்கு அது விளங்கியதே இல்லை. இர்மாவுக்கு நெஞ்சுவலி வந்த இலையுதிர் காலத்தில் லோர்னாதான் பொறுக்காமல் ஆர்விலுக்குத் தொலைபேசினாள்.

“மிஸ்டர் ஸ்டேன்சக், போன சனிக்கிழமை ‘டெல்பர்ட்ட நம்புறதுக்கு வேலிக்கம்பத்த நம்பலாம்’னு சொன்னீங்களா?”

“சொல்லியிருப்பேன். நீங்க யாரும்மா?”

“அவரு பொண்டாட்டி, அலாஸ்காவுலேருந்து. எங்க கொழந்த அதக் கேட்டுட்டு, வேலிக்கம்பம்னா அப்பாவான்னு கேக்குது.”

ஆர்வில் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். அன்றுமுதல் முடிதிருத்தும் கடையில் அவர் வாய் திறக்கவில்லை. பல்வலி என்று நினைத்தார்கள். அவர் மௌனமானால் டெல்பர்ட் வருவான் என்று லோர்னா நம்பியிருந்தாள். அவனோ குரல் மறுபடி எப்போது எழுமோ என்று காதைத் தீட்டியபடியே குளிர்காலம் முழுக்கக் கழித்தான். பிப்ரவரியில் இர்மா இறந்தாள். அவன் பெட்டி கட்டித் தயாராகத்தான் இருந்தான். புயலில் விமானம் ஒன்றும் கிளம்பவில்லை.

அடக்கத்தன்று, சவப்பெட்டியைக் குழிக்கருகே வைத்ததும் ஆர்வில் தொப்பியைக் கழற்றிவிட்டு, யாரிடமும் கேட்காமல் பேச ஆரம்பித்தார். “டெல்பர்ட், உங்கம்மாவுக்கு நீல உடுப்பு போட்டுருக்காங்க. கொஞ்சமா பனி பெய்யுது, காத்து இல்ல. கூட்டம் நல்லா வந்துருக்கு. வாஸ் பெட்டி தூக்குனான். இப்ப எறக்குறாங்க, நிதானமா எறக்குறாங்க.” பாதிரியார் வேதப் புத்தகத்தை மூடிக்கொண்டு காத்திருந்தார். ஆர்வில் தொப்பியை உருட்டிக்கொண்டே இன்னும் சொன்னார். “டெல்பர்ட், அந்தப் பந்து. நீ திரும்பியிருந்தாலும் ஒண்ணும் ஆகியிருக்காது. அவ்வளவு ஆழத்துல, தொரத்திட்டு வந்த ஆள நடுக்காவல்கிட்ட ஒப்படைக்கணும். நீ ஒப்படைச்ச. வாங்கிக்க அங்க ஆள் இல்ல. அது எனக்கு அன்னைக்கே தெரியும்.”

குழியின் அந்தப் பக்கம் நின்ற மைலோ டோம்கோ, வழுக்கை விழுந்த தலையைக் குனிந்து, “ஆமா, நான்தான் லேட்டு” என்றான். அடக்கத்துக்கு வந்தவர்களுக்காக இர்மா வீட்டு மேசையில் வைத்த பன்றித்தொடைக் கறியும் உருளைக்கிழங்கும் அன்று ஆறிப்போயின.

லோர்னா மாலையில் ஆர்விலிடம் தொலைபேசியில் பேசினாள். எல்லாம் கேட்டது என்றாள். கடைசி வார்த்தைவரை அவன் சமையலறையில் நின்றே கேட்டானாம். பிறகு கோட்டை மாட்டிக்கொண்டு படகுத்துறைப் பக்கம் போனானாம். திட்டினானா, அழுதானா என்று ஆர்வில் கேட்டார். அவள் பார்க்கவில்லை.

டெல்பர்ட் அதன்பிறகும் வரவில்லை. வருவதற்கு ஊரில் அவனுக்கு யாரும் இல்லை. ஆனால் ஹேல்ஸ்பரியில் இன்றும் அவனுக்கு ஏதாவது சொல்ல வேண்டியிருந்தால் தபால்தலை வாங்குவதில்லை. ஆர்விலிடம் வந்து சொல்லிவிட்டுப் போகிறார்கள். வாஸுக்குப் பேரன் பிறந்தது, ஆற்றில் வெள்ளம் வந்தது, இந்த வருடப் பின்காவலர்கள் எப்படி என்பது. பதில் இந்தப் பக்கம் வருவதில்லை, குரல் ஒருவழியாகவே போகிறது. ஆர்வில் ஒரு செய்தியைச் சொல்லி முடித்ததும், ஒரு ஆள் பதில் சொல்லுமளவு நேரம் விட்டு, அதன்பிறகே அடுத்ததைச் சொல்கிறார்.