இருபத்து மூன்றாம் அறையின் ஜன்னல்

1988 ஆகஸ்ட் நான்காம் தேதி வியாழக்கிழமை காலையில், தாம்பரத்தின் ஒரு கல்லூரி விடுதியில் இருபத்து மூன்றாம் எண் அறை இல்லை. இருபத்திரண்டை ஒட்டி இருபத்து நான்கு இருந்தது. நடுவில் விரிசலோ சுண்ணாம்புத் தூளோ கிடையாது. வராந்தாவின் நீளம் நான்கு எட்டு குறைந்திருந்தது, அவ்வளவுதான். பல் தேய்க்கப் போனவர்கள் குழாயடி சீக்கிரம் வந்துவிட்டதே என்று நினைத்து வாய் கொப்பளித்தார்கள்.

மேற்கொண்டு யோசித்தவன் வைத்தீஸ்வரன் ஒருவன்தான். விடுதியின் மாணவர் செயலாளர். பக்கத்திலேயே அஸ்தினாபுரத்தில் சொந்த வீடு இருந்தும், அங்கே பேச்சு அதிகம் என்று விடுதியில் தங்கியவன். யாரோடும் சண்டைக்குப் போகாதவன் என்பதாலேயே அவனுக்கு ஓட்டுப் போட்டிருந்தார்கள். மாலை ஆறரைக்கு முற்றத்தில் நின்று அறை வரிசைப்படி பெயர் கூப்பிடுவது அவன் வேலை. மூன்று நாள் தொடர்ந்து குரல் வராவிட்டால் அறையைக் காலி செய்யச் சொல்லிச் சீட்டு எழுதவேண்டும். இருபத்து மூன்றில் இருந்த குப்புராஜுக்கு மூன்று பெருக்கல் குறி விழுந்தது. எங்கே போகிறாய் என்று கேட்பதற்கு அவனோடு பேசவேண்டியிருந்தது. வைத்தீஸ்வரனுக்குச் சீட்டு எழுதுவது சுலபமாக இருந்தது. புதன்கிழமை குப்புராஜ் டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனான். விடிந்தபோது அறையும் போயிருந்தது.

கண்காணிப்பாளர் வேதசிரோமணி வராந்தாவைக் காலால் அளந்து பார்த்தார். "அறை போனா போகுது. பையன் பேர் ரிஜிஸ்டர்ல இல்லேன்னா ஸ்காலர்ஷிப் நின்னுடும், பரீட்சை எழுத முடியாது. நீ எழுதின சீட்டுதானே, யோசிச்சுக்கோ" என்றார்.

இரண்டு நாள் யோசித்துவிட்டு, ரிஜிஸ்டரில் இருந்த விலாசத்தோடு வைத்தீஸ்வரன் பம்மலுக்கு பஸ் ஏறினான். தோல் பதனிடும் ஷெட்டுகளுக்குப் பின்னால், ஒற்றை அறை வீடு ஒன்றின் பக்கவாட்டில், 23 என்று எழுதிய பச்சைக் கதவு இருந்தது. வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த குப்புராஜின் அம்மா கங்கம்மா நிமிர்ந்தாள்.

"இன்னா தம்பி, ரூமைத் திருப்பி எடுத்துக்கினு போக வந்தியா? தூக்க முடிஞ்சா தூக்கிக்கினு போ."

"இல்லைம்மா. குப்புராஜைப் பார்க்கணும்."

"ஏழு மணி வரிக்கும் ஷெட்டுல கீறான். அவங்கப்பாரு கால் ஒடிஞ்சு படுத்ததுலேர்ந்து அவன்தான் போறான். உங்க ஹாஸ்டல்ல ஒருத்தரும் கேக்கலியா?"

ஒருவரும் கேட்கவில்லை.

பச்சைக் கதவு அறைக்குள் குப்புராஜின் தங்கை பேபி மேசையில் பூகோளப் படம் வரைந்துகொண்டிருந்தாள். ஜன்னலுக்கு வெளியே பம்மல் இல்லை. விடுதி முற்றம் இருந்தது. கொடியில் லுங்கிகள், வேப்பமரத்தடியில் அவன் நின்று பெயர் கூப்பிடும் சிமென்ட் மேடை. அந்த மேடை அவ்வளவு சின்னது என்பது அவனுக்குத் தெரியாது. ஏழு மணிவரை அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். "இந்த அண்ணனுக்குப் பேச்சு வராதாம்மா?" என்று பேபி கேட்டாள்.

குப்புராஜ் சுண்ணாம்பு வாடையோடு வந்தான். வைத்தீஸ்வரன் நீளமாக ஏதோ தயார் செய்திருந்தான். "தப்பு பண்ணிட்டேன்" என்பது மட்டும் வந்தது.

"அத்த உடு மச்சான். டீ குடிச்சியா?"

திங்கட்கிழமை விடுதிக் கூட்டத்தில் நூற்றிருபது பேர் முன்னால் வைத்தீஸ்வரன் அதையே சொன்னான். "சத்தமா, தலைவரே!" என்றது பின்வரிசை. சத்தமாகச் சொன்னான். பெயர் கூப்பிடும் நேரம் எட்டு மணியானது. வராதவனைத் தேடிப்போய்க் கேட்காமல் பெருக்கல் குறி போடக்கூடாது என்று கை தூக்கித் தீர்மானம் போட்டார்கள். அறை மட்டும் திரும்பவில்லை. 'விடுதி அறையில் தங்குபவர் விடுதியில் தங்குபவரே' என்று வேதசிரோமணி ரிஜிஸ்டரின் ஓரத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். அன்றிலிருந்து எட்டு மணிக்குக் குப்புராஜின் பெயரைக் கூப்பிட்டால், இருபத்திரண்டுக்கும் இருபத்து நான்குக்கும் நடுவே சுவரிலிருந்து "பிரசன்ட்" வந்தது, சில நாள் கங்கம்மா தாளிக்கும் வாசனையோடு. வைத்தீஸ்வரன் டிக் போட்டுவிட்டு அடுத்த பெயருக்குப் போனான். குப்புராஜ் பரீட்சை எழுதி முதல் வகுப்பில் தேறினான். பிறகு அதே மேசையில் படித்து பேபியும் தேறினாள்.

1996இல் விடுதிக்கு பெயின்ட் அடித்தபோது வைத்தீஸ்வரனே அங்கே கண்காணிப்பாளராக இருந்தான். கதவுகளில் எண் எழுதிக்கொண்டு வந்த பெயின்டர் சவுரிமுத்து இருபத்திரண்டில் நின்றார்.

"நடுவுல ஒண்ணு எங்க சார்?"

"பம்மல்ல. தோல் ஷெட்டுக்குப் பின்னால."

சவுரிமுத்து பச்சை டின்னை மூடி சைக்கிளில் மாட்டிக்கொண்டு கிளம்பினார். மூன்று மணிவாக்கில் சுவரிலிருந்து பெயின்ட் வாடை வந்தது. வைத்தீஸ்வரன், புதுப் பெயின்டில் இருபத்து நான்காம் அறையின் தாழ்ப்பாள் சரியாக விழுகிறதா என்று பார்க்கப் போனான்.