பாவத்தில் சேராதது

வெள்ளம் வடிந்ததும் மாமியாரும் மருமகளும் வீட்டுச் சேற்றைத் தள்ள ஆரம்பித்தார்கள். மாமியாருக்குக் கை ஓய்ந்தாலும் வாய் ஓயவில்லை.

“ஊர்ல பாவம் பெருத்துப் போச்சு. கடவுள் எத்தனை நாள்தான் பொறுத்துக்குவாரு? எதிர்வீட்டுக்காரி சாமி கும்பிட்டு எத்தனை வருஷமாச்சு!”

அந்த எதிர்வீட்டுக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர்கூடப் போகவில்லை என்று சொல்ல மருமகளுக்கு நாக்கு துறுதுறுத்தது. அடக்கிக்கொண்டாள். பின்கதவைத் திறந்ததும் அடக்க முடியவில்லை. மழைநீர் வாய்க்காலை மூடி மாமனார் கட்டிய குளியலறை, ஒரு விரிசல்கூட இல்லாமல் ஜம்மென்று நின்றது.

“ஏன் அத்தை, தண்ணி போற வழிய அடைச்சோமே, அது பாவத்துல சேராதா?”

“அது எப்படிடி பாவமாகும்? நமக்கு இடம் பத்தல, கட்டினோம்” என்ற மாமியார், வாரிய சேற்றை அடுத்த வீட்டு வாசல் பக்கமாகத் தள்ளிவிட்டாள்.