வானம் அடித்தவள்

கடைசி நாரையின் கழுத்தைச் சுவரில் சுண்ணாம்புக்கட்டியால் வளைத்து வரைந்துகொண்டிருந்தேன். டிரைவரின் மனைவி சாரத்துக்குக் கீழே வந்து நின்றாள். கையில் சொந்தமாக ஒரு பிரஷ். புதுசு, விலைச்சீட்டுகூடக் கிழிக்கவில்லை.

"அக்கா, எங்க வீட்டுக்காரருக்கு எது?" என்றாள்.

போன வருடம் வேலைக்கு ஆள் ஏற்றிப்போன வேன் ஏரியில் கவிழ்ந்ததில் எங்கள் தெருவில் எட்டு வீடுகளில் சாவு. அதன்பிறகு யாரும் யார் முகத்தையும் பார்த்துப் பேசுவதில்லை. இந்த மௌனம் எல்லோரையும் தின்றுவிடும் என்று பயந்துதான், ஏரிக்கரைச் சுவரில் இறந்தவர்களுக்கு ஆளுக்கொரு நாரை, அந்தந்த வீட்டார் கையாலேயே வண்ணம் தீட்டுவது என்று தெருச் சங்கத்தில் முடிவெடுத்தார்கள். கடைப்பலகை எழுதிப் பிழைக்கிற என்னைக் கோடு போடக் கூப்பிட்டார்கள். ஏழு நாரை போதும் என்றார்கள். எட்டாவது வீடு, வேனை ஓட்டியவனுடையது.

பக்கத்தில் மருந்துக்கடைக்காரர் தன் மகளுடைய நாரைக்குக் கிளிப்பச்சை பூசிக்கொண்டிருந்தார். அவளுக்குப் பிடித்த நிறம். திரும்பாமலே சொன்னார்: "தூங்கிக்கிட்டே ஓட்டினவனுக்கு இங்க இடமில்லம்மா."

"ரெண்டு ஷிஃப்ட் சேர்ந்தாப்ல பார்த்த மனுஷன். தூங்கித்தான் இருப்பாரு, நான் இல்லேங்கல. அவரும் அதே தண்ணியிலதானே போனாரு?"

அழுதுகொண்டு திரும்பிவிடுவாள் என்று நினைத்தேன். அவளோ என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"சுத்தி இருக்கிற வானத்தை யாரு அடிக்கிறா?"

"யாரு வருவா? நான்தான்."

"நான் அடிக்கிறேன். வானத்துல யாருக்கும் பங்கு கிடையாதே."

மருந்துக்கடைக்காரர் பிரஷை மறுபடியும் கிளிப்பச்சையில் முக்கினார். எடுபிடி வேலைதானே, செய்துவிட்டுப் போகட்டும் என்று விட்டிருப்பார்.

அவள் தையல்காரி. தினமும் காலையில் மெஷினில் உட்காருவதற்கு முன் வந்துவிடுவாள். சும்மா சொல்லக்கூடாது, கை அவ்வளவு சுத்தம். என்னிடம் கூலிக்கு வந்த எவனும் இப்படி ஓரம் பிடித்ததில்லை. மற்றவர்களின் நாரைகள் மேல் ஒரு சொட்டு நீலம் படவில்லை. கிளிப்பச்சைச் சிறகுக்குப் பக்கத்தில் வந்தபோது மட்டும் மூச்சை அடக்கிக்கொண்டு அடித்தாள்.

ஒரு நாள் சுவர் முடிகிற இடத்தில் நீலம் எட்டாத திட்டு ஒன்று கண்ணில் பட்டது.

"அங்க விட்டுப்போச்சு பாரு."

"இல்லக்கா. தெரிஞ்சுதான் விட்டேன்."

சாரத்திலிருந்து இறங்கித் தள்ளி நின்று பார்த்தேன். நாரை. கோடு இல்லை, வண்ணமும் இல்லை. சுற்றிலும் வானத்தை அடித்து, நடுவில் அடிப்பூச்சான பிரைமரின் வெள்ளையை அப்படியே விட்டிருந்தாள், ஜாக்கெட்டுக்குக் கழுத்து வெட்டுகிறவளின் கணக்கோடு. ஏரிக்கு வருகிற நாரைகளின் நிறமும் அதுதான்.

"நான் எதையும் வரையல. கேட்டா, வானம் அடிச்சேன்னுதான் சொல்லுவேன்" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடிப்பதற்குள் கண் கலங்கிவிட்டது.

சாயங்காலத்துக்குள் விஷயம் தெரு முழுக்கப் பரவியது. மருந்துக்கடைக்காரர் கடையை அப்படியே போட்டுவிட்டு வந்தார். "பார்த்துக்கிட்டு சும்மா இருந்தியா?" என்று முதலில் என்மேல்தான் பாய்ந்தார்.

"நான் கோடு போடல சார். ஆனா அழிக்கச் சொன்னா என் கையால அழிக்கமாட்டேன்."

அவரே நீல வாளியில் பிரஷை முக்கி எடுத்தார். அவள் தடுக்கவில்லை. கொஞ்சம் விலகி வழிவிட்டாள்.

"அடிங்க சார். நாளைக்குக் காலையில வந்து நான் வெள்ளை அடிப்பேன். நீங்க மறுபடியும் நீலம் அடிங்க. நான் மறுபடியும் வருவேன்."

குரல் உயரவே இல்லை. துணிக்கு அளவு சொல்வதுபோலச் சொன்னாள்.

அவர் கையை ஓங்கி நாரையின் தலைக்கு மேலே பிரஷை வைத்தார். தாராளமாக முக்கியிருந்ததால் நீலம் தடித்து, ஒரு சொட்டாகத் திரண்டு, வெள்ளைக் கழுத்தை நோக்கி வழிய ஆரம்பித்தது. அவருடைய இடதுகை சட்டென்று நீண்டு, உள்ளங்கையால் அதை மறித்தது. ஒரு கையில் பிரஷும் மறுகை சுவரிலுமாக, எங்கள் பக்கம் திரும்பாமல் அவர் நின்றுகொண்டிருந்தார். நீலம் அவர் மணிக்கட்டு வழியாகச் சட்டைக்கைக்குள் இறங்கியது.