ஊசி பதிந்த இடம்

டெல்பர்ட் சட்டைப் பையிலிருந்து நான்கு பித்தளைக் கூடுகளை எடுத்து ரசல் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், உப்புக் குப்பிக்குப் பக்கத்தில், ஒவ்வொன்றாக நிறுத்திவைத்தார். சுண்டுவிரலில் பாதிகூடத் தேறாத சின்னத் தோட்டாக் கூடுகள். நான்குமே அடிவிளிம்பை ஒட்டி வெடித்துப் பிளந்திருந்தன. டெல்பர்ட்டின் வலது கண்ணுக்குக் கீழே ஒரு பிளாஸ்திரி, அதன் ஓரத்தில் ரத்தம் காய்ந்து கறுத்துக் கிடந்தது. ரசல் பிளாஸ்திரியையும் கூடுகளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு எழுந்துபோய், அடுப்பில் ஏற்கெனவே காப்பி கொதித்துக்கொண்டிருக்க, பக்கத்திலேயே இன்னொரு காப்பிக்குத் தண்ணீர் வைத்தார்.

"நாலாவதுதான் மூஞ்சில அடிச்சுது. பித்தளைச் சில்லு. கண்ணாடி போட்டிருந்தேன், அதுக்குக் கீழ பூந்துடுச்சு. அரை அங்குலம் மேல போயிருந்தா திங்கக்கிழமை ஸ்கூல் பஸ்ஸ உங்கப்பனா ஓட்டுவான்?"

"டாக்டர்கிட்ட காட்டினியா?"

"காட்டாம? முள்ளு எடுக்கிற மாதிரி எடுத்தா அந்தப் பொண்ணு. நீ உக்காருடா முதல்ல. ஏன் இப்படிக் கால்ல சுடுதண்ணி கொட்டினவன் மாதிரி நிக்கிற?"

ரசல் உட்கார்ந்தார். உடனே எழுந்தார். துப்பாக்கி கதவுக்குப் பக்கத்தில், உறையோடு சாய்ந்து நின்றது. ஆகஸ்டில் அவர்தான் அதைத் துடைத்து எண்ணெய் போட்டு, வேட்டைக்கு வைத்துக்கொள் என்று டெல்பர்ட்டின் கையில் கொடுத்தார். அணில் வேட்டைக் காலம் தொடங்கட்டும் என்று டெல்பர்ட் அதைத் தொடாமல் வைத்திருந்து, மூன்று நாளைக்கு முன்னால்தான் காட்டுக்கு எடுத்துப் போயிருக்கிறார்.

"பழைய தோட்டாவா இருக்கும்," என்றார் ரசல். "உங்க கொட்டகையில ஈரம் அதிகம்."

"அப்படித்தான் நானும் நெனச்சேன். முதல் ரெண்டும் பழசு. தூக்கிப் போட்டுட்டுப் புது டப்பா பிரிச்சேன், வேற கம்பெனி. அதுவும் பிளந்துச்சு. சரி, உள்ள அழுக்குன்னு பிரஷ் போட்டுத் தேய்ச்சேன். அப்புறம்தான் இந்த நாலாவது."

"பின்னாடி போல்ட்டுக் கம்பி சரியாப் பூட்டாம இருந்திருக்கும்."

"ஏன்டா, அம்பது வருஷமா சுடுறேன், எனக்குப் போல்ட் பூட்டத் தெரியாதா? இங்க பாரு." டெல்பர்ட் ஒரு கூட்டைத் திருப்பிப் பிடித்தார். "ஊசி அடிச்ச தடம் இது. கிழிசல் எங்க இருக்கு? நேர் கீழ. நாலுலயும் அதே எடம். தோட்டா மேல தப்புன்னா கண்ட எடத்துல கிழியணும்ல?"

ரசலுக்குக் காரணம் தெரியும். டெல்பர்ட் முதல் கூட்டை மேசையில் வைத்தபோதே தெரிந்துவிட்டது. இந்தச் சின்னத் தோட்டாவை, வெடிக்கவைக்கும் ஊசி நடுவில் அடிப்பதில்லை, விளிம்பில்தான் அடிக்கும். உள்ளே தோட்டா இல்லாமல் விசையை இழுத்தால், அந்த அடி நேராகத் தோட்டா உட்காரும் அறையின் வாயில் விழும். ஒன்றிரண்டு தடவை என்றால் பரவாயில்லை. ஆயிரக்கணக்கில் அடித்தால் இரும்பு குழிந்துபோகும், அந்தக் குழியில் பித்தளைக்கு முட்டுக் கிடைக்காமல் பிளந்துகொள்ளும். வெறும் துப்பாக்கியைத் தட்டாதே என்பதைப் பென்சில்வேனியாவின் இந்த மலைப்பக்கத்தில் பிள்ளைகள் நடக்கப் பழகும்போதே சொல்லிவிடுவார்கள்.

துப்பாக்கி ரசலின் மனைவி நோர்மாவுடையது. கல்யாணத்துக்கு முன்பிருந்தே அவளுடையது. ரசலைவிட நன்றாகச் சுடுவாள், அதைச் சொல்லிக் காட்டவும் செய்வாள். மூன்று வருஷத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தேவாலயத்துக்குக் கிளம்பி நின்றவள் அப்படியே சரிந்தாள். பக்கவாதத்தில் வலது கை போயிற்று, பேச்சில் முக்கால்வாசி போயிற்று. பயிற்சி கொடுக்க வந்த பெண் ஒரு ரப்பர் பந்தைத் தந்து அமுக்கச் சொன்னாள். நோர்மா அதை இடது கையால் சுவரில் விட்டெறிந்தாள். பிறகு அலமாரியைக் காட்டினாள். ரசல் துப்பாக்கியை எடுத்து, காலியா என்று இரண்டு தடவை பார்த்து, மடியில் குறுக்கே வைத்து, அவளுடைய செத்த விரலை விசையில் மாட்டிவிட்டார். தினமும் சாயங்காலம் வானிலை அறிக்கை முடியும்வரை அப்படி உட்கார்ந்திருப்பாள். நான்கு மாதம் ஒன்றும் நடக்கவில்லை. ஐந்தாவது மாதம், ரசல் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது முதுகுக்குப் பின்னால் 'டிக்' என்றது. கையிலிருந்த தட்டு விழுந்து உடைந்தது. அன்று இரண்டு பேரும் அழுத அழுகை அவர்களுக்குத்தான் தெரியும்.

அப்புறம் தினமும் நூறு, நூற்றைம்பது; ஒவ்வொன்றுக்கும் ரசல் பக்கத்தில் உட்கார்ந்து போல்ட்டை இழுத்துக்கொடுப்பார். சுவரில் திருகாணி முடுக்கும்போது துளையில் செருகுகிற மஞ்சள் பிளாஸ்டிக் முளை ஒன்றைத் தோட்டாவுக்குப் பதிலாக உள்ளே போட்டிருந்தால் போதும், இரும்புக்கு ஒன்றும் ஆகியிருக்காது. இழுப்பறையில் ஒரு டப்பா நிறையக் கிடந்தது. ஆனால் அவர் எழவில்லை. நடுவில் நிறுத்தினால் அந்தச் சத்தம் திரும்ப வராமல் போய்விடுமோ என்ற பயம். துப்பாக்கி நாசமாகப் போகட்டும் என்றிருந்தது அப்போது.

டெல்பர்ட் துப்பாக்கியை உறையிலிருந்து எடுத்து, போல்ட்டை உருவி மேசைமேல் வைத்தார். நோர்மா குறுக்கெழுத்துப் போடும் பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு, டார்ச் அடித்து உள்ளே பார்த்தார்.

"அடப்பாவி!" என்றார். "குழியாடா இது, கிணறு! எவனோ உக்காந்து வேலைமெனக்கெட்டு வெறுந்துப்பாக்கியத் தட்டியிருக்கான். கை அழுகிப்போக அவனுக்கு."

பக்கத்து அறையில் தொலைக்காட்சிச் சத்தம் நின்றது.

"யாருடா அது?"

"தெரியலை," என்றார் ரசல். "நோர்மா அப்பா ஏலத்துல எடுத்தது. வாங்கும்போதே அப்படித்தான் இருந்திருக்கும்." சொல்லிவிட்டு அடுப்பை அணைக்கப் போனார். அது ஏற்கெனவே அணைந்திருந்தது. எப்போது அணைத்தார் என்று நினைவில்லை.

கைத்தடி தரையைத் தட்டும் சத்தம் கேட்டது. நோர்மா அறை வாசலில் வந்து நின்றாள். ரசலைப் பார்க்கவில்லை. கூடுகளைப் பார்த்தாள், டெல்பர்ட்டின் கன்னத்தைப் பார்த்தாள்.

"பொய்," என்றாள்.

"நோர்மா, நீ போய் உக்காரு, நான் சொல்றேன்..."

"நான்." அவள் வலது கையை மெதுவாக, தோள்வரை தூக்கினாள். மற்ற விரல்கள் மடங்கியே இருந்தன. ஆள்காட்டி விரல் மட்டும் நீண்டு, வளைந்தது. மறுபடி நீண்டு, வளைந்தது. "நான்... தினம்."

டெல்பர்ட் அந்த விரலைப் பார்த்தார். அவர் முகம் சிவந்தது. பூதக்கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டு ரசலிடம் திரும்பினார்.

"உனக்குத் தெரியும்."

"தெரியும்."

"தெரிஞ்சேவா குடுத்த என் கையில?"

"குடுக்கும்போது நெனப்பு இல்லைன்னு சொல்லலாம்னுதான் பார்த்தேன். இருந்துச்சுடா. எண்ணெய் போடும்போதே குழியப் பார்த்தேன். இவ்வளவு ஆகும்னு நெனைக்கல. அதைச் சொல்லணும்னா எல்லாத்தையும் சொல்லணும். வாய் வரல."

"வாய் வரலையாம்! அவளுக்குத்தான் வாய் வராது, அவ சொல்லிட்டா." டெல்பர்ட் எழுந்து நாற்காலியைப் பின்னால் தள்ளினார். "என் கண்ணுடா, ரசல். கண்ணு."

வெட்கம் ரசலுக்குக் காதுவரை சுட்டது. இந்த மனிதர்தான் நோர்மா ஆஸ்பத்திரியில் கிடந்த பதினொரு நாளும் இவர்கள் வீட்டு நாய்க்குச் சோறு வைத்தவர்.

நோர்மா மேசையைப் பிடித்தபடி சுற்றி வந்தாள். ரசல் கை கொடுக்கப் போனார், அவள் தோளால் தள்ளிவிட்டாள். டெல்பர்ட்டின் முன்னால் வந்து நின்று, கைத்தடியை மேசையில் சாய்த்தாள். அது நழுவி விழுந்தது. யாரும் குனிந்து எடுக்கவில்லை. அவளுடைய வலது கை மறுபடி மேலே ஏறியது. பாதியில் நின்றது, நடுங்கியது, பிறகு ஏறியது. ஆள்காட்டி விரல் நீண்டு டெல்பர்ட்டின் முகத்தை நோக்கிப் போனது. அந்த விரல் எங்கே போய் நிற்கும் என்று இன்றைக்கும் அவளாலேயே சொல்ல முடியாது. காப்பிக் கோப்பையைத் தொடப் போய்க் கவிழ்த்துவிடுகிற விரல்.

விரல் பிளாஸ்திரியின் ஓரத்தைத் தொட்டது. கண்ணிமையிலிருந்து அரை அங்குலம். அங்கேயே நடுங்கிக்கொண்டு நின்றது.

டெல்பர்ட் கண்ணை மூடவில்லை.