தனிப் பீங்கான்

ஓட்டமாவடியில் ஹவ்வா உம்மா வைத்த விருந்து. சஹனைச் சுற்றி ஐந்து பெண்கள் உட்கார்ந்து, ஆறாவது இடத்தைச் சம்பந்தி றமீஸாவுக்கென்று விட்டு வைத்திருந்தார்கள். றமீஸா நின்றபடியே, "எனக்கொரு தனிப் பீங்கான் தாங்க" என்று கேட்டாள். கேட்டதுதான் தாமதம், கூடமே அவளைத் திரும்பிப் பார்த்தது.

ஒரு தட்டுக் கேட்டதற்கு இவ்வளவா என்று வெளியூர்க்காரர் நினைக்கலாம். நினைப்பார்கள், அவர்களுக்கென்ன! ஒரே தாம்பாளத்தில் ஆறு பேர் கைவைத்துச் சாப்பிடுவதுதான் சஹன். அதில் சேராமல் தனியே தின்றால் பகை என்று அர்த்தம். அதுவும் மகளைக் கட்டிக்கொடுத்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை; மாப்பிள்ளையின் உம்மா வீட்டிலேயே கேட்டால் அது முகத்தில் அடித்த மாதிரி. சஹனில் உட்கார்ந்திருந்த மகள் நஸ்ஹா எட்டி உம்மாவின் சேலைத் தலைப்பை இழுத்தாள். றமீஸா குனிந்துகூடப் பார்க்கவில்லை.

அவள் ஏறாவூரில் தையல் மெஷின் மிதித்துப் பிழைக்கிறவள். சீனி வருத்தம் என்கிற நீரிழிவு வந்து பல வருடமாகிறது, உடம்பும் பெருத்துவிட்டது. இந்த இரண்டும் சேர்ந்து காலுக்குப் போகிற இரத்தக் குழாயை எப்படி அடைக்கின்றன என்று ஆராய ஒரு பல்கலைக்கழகக் குழு ஊருக்கு வந்தபோது அவளும் பெயர் கொடுத்தாள். குழுவில் வேலை செய்த செங்கலடிப் பெண் மேனுகா, கையில் பிரஷர் பார்க்கிற பட்டியைக் கணுக்காலிலும் சுற்றிப் பார்த்தாள். இடது காலுக்கு இரத்தம் பாதிதான் இறங்கிக்கொண்டிருந்தது.

"ராத்தா, இந்தக் காலில சின்னக் காயம் வந்தாலும் லேசில ஆறாது. சீனி குறையாட்டிக் காலை எடுக்கவேண்டி வந்தாலும் வரும்" என்றாள் மேனுகா. ஒளிக்கத் தெரியாத பெண்.

றமீஸா பயந்துபோனாள். மாத்திரையை நேரத்துக்குப் போட்டாள், வாவிக்கரையில் நடந்தாள், சீனியும் அடங்கிற்று. பிறகு நஸ்ஹாவின் கல்யாணம் வந்தது. சொந்தக்காரர் வீடுகளில் விருந்து மேல் விருந்து. ஒவ்வொரு விருந்துக்கும் மறுநாள் சீனி தாறுமாறாக ஏறியிருந்தது.

"ரெண்டு பிடிதான் தின்டன் புள்ள, அல்லாஹ் அறிய!" என்று மேனுகாவிடம் சத்தியம் பண்ணினாள். பொய்யில்லை, அவள் அப்படித்தான் நம்பினாள். கடைசியில் மேனுகா ஒரு விருந்துக்குக் கூடவே வந்து, வெறும் தேத்தண்ணியோடு ஓரமாக இருந்து பார்த்தாள். பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்தாள்.

சஹனில் தன் பக்கத்துச் சோற்றை மிச்சம் வைத்துக் கை கழுவினால் மரியாதை இல்லை. அதே சஹனில், நல்ல இறைச்சித் துண்டை அடுத்தவர் பக்கம் தள்ளிவிடுவதுதான் பாசம். றமீஸாவோ புது மாப்பிள்ளையின் மாமி. மற்ற ஐந்து கைகளும் அவள் பக்கமே தள்ளின. அவள் முடிக்க முடிக்கச் சோறும் இறைச்சியும் வந்து நிரம்பின. கதை பேசியபடியே, தன் பக்கம் காலியாகட்டும் என்று அவளும் தின்றுகொண்டே இருந்தாள்.

"மரியாதை பார்த்தே என்ட காலைத் தின்டுட்டன்" என்று அன்று மேனுகாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அழுது முடித்ததும் கோபம் வந்தது. அந்தக் கோபத்தோடுதான் ஓட்டமாவடிக்கு வந்திருந்தாள்.

ஹவ்வா உம்மா சஹனை விட்டு எழும்பி இடுப்பில் கைவைத்தாள்.

"என்னகா இது? எங்கட கையெல்லாம் அசிங்கமா?"

"கை அசிங்கமில்ல மச்சி. உங்கட மனசு பெரிசு. அதுதான் எனக்கு நஞ்சாப் போச்சு."

"ஒரு நாளைக்குத் தின்டா மௌத்தாகிடுவீங்களா?"

"எல்லா வீட்டிலயும் அந்த ஒரு நாள்தான் மச்சி."

ஹவ்வா உம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "பகை கொண்டாட வந்த சம்பந்தம் எனக்குத் தேவல்ல. என்ட மகனை அந்த வீட்டில விட்டு வைக்கிறதா எண்டு யோசிக்கத்தான் வேணும்."

பெண் வீட்டில் மாப்பிள்ளை வந்து இருப்பதுதான் இந்தப் பக்கத்து வழக்கம். உம்மா கூப்பிட்டால் அந்தப் பொடியன் போயும்விடுவான். பேசாமல் உட்கார்ந்து சஹனில் கைவைத்துவிடலாமா என்றுகூட றமீஸா ஒரு கணம் நினைத்தாள். சீ, என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

உட்கார்ந்தாள். உட்கார்ந்து, சோற்றுக்கு முன்னால் எந்தப் பெண்ணும் செய்யாததைச் செய்தாள். இடது காலை நீட்டி, சேலையைக் கணுக்காலுக்கு மேலே தூக்கினாள். தோல் மினுமினுத்துக் கறுத்திருந்தது.

"தொட்டுப் பாருங்க, ஐஸ் மாதிரிக் கிடக்கும். இந்தக் காலால மெஷின் மிதிச்சுத்தான் உங்கட மருமகளை வளத்தன். இது போனா ஆர் தருவா? நீங்க தள்ளுற இறைச்சித் துண்டா தரும்? மகனைக் கூப்பிடுறதெண்டாக் கூப்பிடுங்க மச்சி. காலை நான் தரமாட்டன்."

நஸ்ஹா எழும்பி உள்ளே போனாள். கண்ணைத் துடைக்கத்தான் போகிறாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவள் ஒரு பீங்கானோடு திரும்பி வந்து உம்மாவின் மடிக்கு முன்னால் வைத்தாள்.

"உங்கட அலுமாரியில இருந்தது மாமி, எடுத்திட்டன்."

ஹவ்வா உம்மா மருமகளை முறைத்தாள். வேறு வழியில்லாமல் தன் இடத்தில் உட்கார்ந்தாள். றமீஸா கொஞ்சம் நெய்ச்சோறும், நிறையச் சம்பலும், ஒரு துண்டு கோழியும் எடுத்துப் பீங்கானில் வைத்துக்கொண்டு, மற்றவர்களோடு முழங்கால் முட்டவே இருந்து தின்றாள். பாதியில் ஹவ்வா உம்மாவின் கை, பழக்கமோ வீம்போ, கொழுத்த இறைச்சித் துண்டொன்றோடு பீங்கானை நோக்கி வந்தது. றமீஸா அந்த மணிக்கட்டை இடது கையால் எட்டிப் பிடித்தாள்.

"விடுங்ககா, நோகுது."

"துண்டைச் சஹனில போடுங்க, விடுறன்."

துண்டு சஹனில் விழுந்தது. ஹவ்வா உம்மா கையை உதறிக்கொண்டு, பரிமாறுகிற பெண்களைப் பார்த்துச் சத்தம் போட்டாள். "சம்பந்தியம்மாட பீங்கானுக்குக் கிட்டப் போயிராதீங்க, கடிச்சிருவா!"

கூடம் சிரித்தது. ஹவ்வா உம்மா சிரிக்கவில்லை.

"ஓம், கடிப்பன்" என்றாள் றமீஸா. மற்ற ஐந்து பேரும் தின்றுகொண்டிருக்கும்போதே, பீங்கானில் கொஞ்சம் சோற்றை மிச்சம் வைத்துவிட்டு, முதல் ஆளாக எழும்பிப்போய்க் கையைக் கழுவினாள்.